சூடான் நாட்டு வாள்



கழற்றிப் போட்ட பழைய லாரி ஸ்பிரிங் பட்டை நம் கண்ணுக்கு வெறும் இரும்பு. கொல்லருக்கோ அது கத்தி. நம் நாட்டிலும் பாராங் அடிப்பவர்கள் அதைத் தேடி வாங்குவதுண்டு. ஆப்பிரிக்கக் கண்டத்திலுள்ள சூடான் நாட்டில் அதே பட்டை வாளாக மாறியது. அந்த வாளைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

ஆயுத நூல்களில் இதற்குக் 'கஸ்காரா' என்று பெயர். இது வளையாத நேர்வாள். இருபுறமும் கூர் உடையது. ஏறக்குறைய மூன்றடி நீளம். பிடிக்கும் அலகுக்கும் இடையே சிலுவை போன்ற குறுக்குக் காப்பு உண்டு. மரப்பிடியைத் தோலால் சுற்றியிருப்பார்கள். தோல் உறையின் நுனிப்பக்கம் இலைபோல் அகன்றிருக்கும். வார் கட்டித் தோளில் தொங்கவிடுவது வழக்கம்.

முற்காலத்தில் அலகுகள் பல ஐரோப்பாவிலிருந்து, முக்கியமாக ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து, வந்தன. அவற்றில் சிலவற்றில் பிறைநிலா முத்திரை இருக்கும். உள்ளூர்க் கொல்லர்களும் தாம் அடித்த வாளில் அதே பிறையைப் பொறித்தார்கள். வெளிநாட்டு முத்திரைக்கு அவ்வளவு மதிப்பு!

கிழக்குச் சூடானிலுள்ள கஸ்ஸலா நகரம் வாள் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள கொல்லர்கள் லாரி ஸ்பிரிங்கை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? சாதாரண இரும்பு மெதுவானது; கூர் நிற்காது. ஸ்பிரிங் எஃகில் கரிச்சத்து அளவாகச் சேர்ந்திருக்கிறது. அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நீட்டி, தேய்த்து உருவாக்க வேண்டும். பிறகு துவைச்சல் கொடுக்க வேண்டும். சூட்டோடு தோய்த்துக் குளிரவைத்தால் எஃகு கடினமாகும். ஆனால் கடினம் மிகுந்தால் அலகு ஒடிந்துவிடும். ஆகவே மறுபடி இளஞ்சூடு காட்டுவார்கள். அப்போதுதான் வளைத்தாலும் நிமிரும் தன்மை வரும். சூட்டின் பதத்தை எஃகின் நிறமே கொல்லர் கண்ணுக்குச் சொல்லிவிடும்.

1898 செப்டம்பர் 2-ஆம் நாள் ஒம்டுர்மான் போரில் வாளும் ஈட்டியும் ஏந்திய சூடானியப் படை பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்து நின்றது. ஒரே காலையில் சுமார் பத்தாயிரம் சூடானியர் மாண்டார்கள். எதிர்ப்பக்கம் இறந்தவர் ஐம்பது பேர் அளவே. வீரம் குறையவில்லை; காலம் மாறியிருந்தது.

போர்க்களத்தில் தோற்றபோதிலும் வாள் மறையவில்லை. திருமணத்தில் மணமகன் கையில் அது விளங்குகிறது. பெஜா மக்களின் வாள் நடனத்தில் சுழல்கிறது.

நேயர்களே, பிறைநிலா முத்திரையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாளை அடித்த கொல்லரின் பெயர் அதில் இல்லை. தொலைதூர நாட்டின் அடையாளமே இருந்தது. அயல்நாட்டுப் பொருள் என்றால் உயர்வு, அருகிலுள்ளவர் கைவேலை என்றால் தாழ்வு என்ற எண்ணம் நம்மிடமும் உண்டல்லவா? பிள்ளைகள் கையால் செய்யும் வேலையை இளக்காரமாகப் பேசினால், எஃகின் பதமறிந்த அந்தக் கொல்லரின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.