தையற்கலையில் காரண அறிவு



நம் இல்லத்துத் தையல் இயந்திரம் பருத்தித் துணியில் சீராக ஓடுகிறது. பனியன் துணியை இட்டாலோ தையல் தாவுகிறது, ஓரம் நெளிகிறது. கூர்முனை ஊசி இழையைக் குத்திக் கிழிக்கும். உருண்டைமுனை ஊசி இழைகளை விலக்கி நுழையும். ஆதலின் 11ஆம் எண் உருண்டைமுனை ஊசியும் பாலியஸ்டர் நூலும் கொள்வோம். துணி நீளும்போது நேர்த்தையல் அறும். குறுகிய ஜிக்ஜாக் தையல் உடன் நீளும். நேர்த்தையல் மட்டுமே உடைய இயந்திரமாயின், துணியை முன்னும் பின்னும் சற்றே நீட்டிப் பிடித்துத் தைத்தல் வேண்டும். வழுக்கும் துணிக்கு அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்து, பின்னர்க் கிழித்தெடுக்கலாம். எதனையும் முதலில் வெட்டுத்துண்டில் தைத்துப் பார்ப்போம்.

பிரிந்த தையலுக்குக் கூலி கிடைப்பதில்லை. காரணம் அறிந்து தைக்கும் நம் பிள்ளைகள் உரிய கூலியைத் தலைநிமிர்ந்து கேட்பர்.