அப்பா அம்மாவுக்கு ஒரு பழைய வண்டி

(பாலிகஞ்சில் மாலை வகுப்பினர் முன் ஆற்றிய உரை)



இன்று பழைய கார் வாங்குவது பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் வயதான பெற்றோருக்கு வாங்கும் கார். இப்போது எல்லோரும் எஸ்.யூ.வி. என்று சொல்கிறார்களே, அந்த உயரமான வண்டி.

முதலில் என் கதையைச் சொல்கிறேன். நானும் என் தம்பியும் பணம் போட்டு ஒரு பழைய வண்டி வாங்கினோம். அம்மாவுக்கு மூட்டு வலி. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போக வண்டி வேண்டும். புரோக்கர் ஒரு பெரிய வண்டியைக் காட்டினார். "எட்டுப் பேர் உட்காரலாம், யானை மாதிரி உழைக்கும்" என்றார். நாங்கள் மயங்கிவிட்டோம். அம்மாவை அழைத்துப் போய்க் காட்டவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. அம்மா ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். அடுத்த காலைத் தூக்க முடியவில்லை. அதன் பிறகு எங்கே போனாலும் கையில் ஒரு மர ஸ்டூல் கொண்டு போனோம். எட்டு மாதத்தில் வண்டியை நஷ்டத்துக்கு விற்றோம். யாருக்காக வாங்கினோமோ அவரையே கேட்காமல் வாங்கினோம். அதுதான் நாங்கள் செய்த தவறு.

கொல்கத்தாவில் நமக்கெல்லாம் அம்பாசடர் தெரியும். பக்கத்தில் உத்தர்பாராவில்தான் அதைச் செய்தார்கள். 2014 மே மாதம் அந்த ஆலை நின்றது. அம்பாசடரின் இருக்கை உயரமாகவும் அகலமாகவும் இருக்கும். வயதானவர்கள் அதிகம் குனியாமல் உட்காரலாம். பிறகு வந்த சின்னக் கார்கள் பல தாழ்வானவை. உட்காரும்போது கீழே விழுவது போல இருக்கும். எழும்போது முழங்கால் நோகும். அதனால்தான் பிள்ளைகள் உயரமான வண்டியைத் தேடுகிறார்கள். அது சரிதான். ஆனால் அளவுக்கு மிஞ்சிய உயரமும் தொல்லை.

எது சரியான உயரம்? வண்டியின் பக்கத்தில் அப்பாவை நிற்கச் சொல்லுங்கள். இருக்கை அவருடைய இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். முதலில் இருக்கையில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பிறகு இரண்டு கால்களையும் உள்ளே திருப்ப வேண்டும். இப்படி மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முன் இருக்கையிலும் பின் இருக்கையிலும் செய்து பார்க்க வேண்டும். கதவு அகலமாகத் திறக்கிறதா? பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடி இருக்கிறதா? ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பின்னால் வைக்க இடம் உண்டா? இவற்றையும் பாருங்கள்.

வண்டிகளில் இரண்டு வகை உண்டு. பொலேரோ போன்றவை லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் கட்டியவை. பொலேரோவுக்குப் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். கரடுமுரடான பாதைக்கு அது நல்லது. ஆனால் குழியில் இறங்கினால் முதுகு வலிக்காரருக்குத் தூக்கிப் போடும்.

இன்னொரு வகை, காரைப் போலவே கட்டிய உயரமான வண்டி. 2013-ல் வந்த எக்கோஸ்போர்ட், 2016-ல் வந்த விட்டாரா பிரெஸ்ஸா, 2017-ல் வந்த நெக்சான், 2019-ல் வந்த வென்யூ ஆகியவை இந்த வகை. இவை நான்கும் 4 மீட்டருக்கு உட்பட்ட நீளம் உடையவை. பாலிகஞ்சின் சின்னச் சந்துகளில் நிறுத்தவும் திருப்பவும் எளிது. எக்கோஸ்போர்ட்டின் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். அதற்குப் பின்னால் இடம் வேண்டும். அதைச் செய்த ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. வாங்குமுன் உதிரிப் பாகம் கிடைக்குமா என்று உங்கள் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

டீசலா, பெட்ரோலா? ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்று பக்கத்திலேயே ஓட்டுவதானால் பெட்ரோல் போதும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. குறைந்த தூரமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. அவசர பிரேக்கில் சக்கரம் இறுகாமல் காப்பது ஏ.பி.எஸ். அது 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம் ஆயிற்று. ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயம். முன்னால் உட்காரும் இருவருக்கும் காற்றுப்பை 2022 முதல் கட்டாயம். அதற்கு முந்திய வண்டியானால் இவை இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது மிக முக்கியம். 2025 செப்டம்பர் 23 அன்று கொல்கத்தாவில் பெய்த மழை நினைவிருக்கிறதா? 24 மணி நேரத்தில் 251 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. பல தெருக்களில் கார்கள் தண்ணீரில் நின்றன. 2015-ல் சென்னையிலும் அப்படித்தான் நடந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி மெழுகு பூசி விற்பவர்கள் உண்டு. வெளியே பளபளக்கும். உள்ளே மின்கம்பிகள் அரித்துப் போயிருக்கும். ஒருநாள் நடுரோட்டில் நின்றுவிடும். ஆபத்து வேளையில் காற்றுப்பை விரியாமலும் போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடிகளை மூடிவிட்டு உள்ளே உட்காருங்கள். பூசண வாடை வருகிறதா? அல்லது வாடையை மறைக்க அதிக வாசனை போட்டிருக்கிறார்களா? தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேறு, ஈரம் இருக்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வேண்டாம். இருக்கைக்கு அடியில் உள்ள இரும்பில் துரு இருக்கிறதா? முன் விளக்குக்குள் நீர்ப்படலம் தெரிகிறதா? இவற்றை நம் கண்ணே காட்டிக் கொடுக்கும். பிறகு உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைக் காட்டுங்கள். விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக் வேண்டாம்.

டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கிலோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். பழைய சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.

இனி காகிதம். இங்கேதான் நாம் கற்ற எழுத்து கைகொடுக்கும். ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றை வாங்கிப் படியுங்கள். சேசிஸ் எண்ணில் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். வண்டியில் பொறித்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எஞ்சின் எண்ணையும் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வாங்காதீர்கள்.

வண்டியின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா? ஆர்.சி.யில் அது குறித்திருக்கும். கடன் தீர்ந்தது என்று வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். வேறு மாநில வண்டியானால் ஆட்சேபம் இல்லை என்ற சான்று வேண்டும். சாலை வரி எந்தத் தேதி வரை கட்டியிருக்கிறது? மேற்கு வங்கத்தில் 5 ஆண்டுக்கு மட்டும் வரி கட்டிய வண்டிகளும் உண்டு. மீதியை நாம்தான் கட்ட வேண்டும்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 ஆண்டு கடந்த வண்டிகளை விலக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆகவே 12, 13 வயது வண்டி மலிவாக வந்தாலும் யோசியுங்கள்.

பணம் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். படிவம் 29-ம் 30-ம் நிரப்பிப் பெயர் மாற்ற வேண்டும். இந்தப் பகுதியினருக்குப் பெல்தலா அலுவலகம் இருக்கிறது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்சூரன்சையும் நம் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வண்டி சேதமானால் பணம் கிடைப்பது கடினம். விற்பவருக்கும் இது நல்லது. பதிவில் பெயர் உள்ளவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கையில் 4 லட்சம் இருந்தால் 4 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். மூன்றரை லட்சத்துக்குப் பாருங்கள். மீதி 50 ஆயிரம் டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றத்துக்கு வேண்டும். இன்னொரு கணக்கும் போடுங்கள். மாதம் இரண்டு முறைதான் ஆஸ்பத்திரி என்றால் வாடகைக் காரே போதும். அந்தப் பணம் மருந்துக்கு ஆகும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. நாங்கள் இரண்டாம் முறை வண்டி பார்க்கப் போனபோது அம்மாவையும் அழைத்துப் போனோம். முதல் வண்டியில் ஏறிப் பார்த்தார், வேண்டாம் என்றார். இரண்டாவதும் வேண்டாம் என்றார். மூன்றாவதில் ஏறி உட்கார்ந்தார். இறங்கவே இல்லை. "இது போதும்டா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். ஆனால் நான் உடனே பணம் கொடுக்கவில்லை. ஆர்.சி.யை வாங்கி, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரை படித்தேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வண்டியைப் பெற்றோர் பார்க்கட்டும். காகிதத்தை நீங்கள் படியுங்கள்.