அசையாத தோளின் உழைப்பு
(சுங்கைப் பட்டாணித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கி ஸ்டோருக்கு நடந்தவர்கள் நாம். "கால்தானே நடக்கிறது, தோளுக்கென்ன களைப்பு?" என்று கேட்டவர்களும் உண்டு. கிராணிமாராகிய நாமும் ராத்தல் கணக்கை எழுதினோமே தவிர, சுமந்த நேரத்தை எழுதவில்லை.

தோளுக்குள் நடப்பதைப் பாருங்கள். தசை என்பது தலைமயிர் போன்ற நார்களின் கட்டு. நாருக்குள் மெல்லிய இழைகள். இழைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் புரதச் சரடுகள். நரம்பின் கட்டளை வந்ததும் நாருக்குள் கால்சியம் பரவுகிறது. உடனே மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி பற்றுகின்றன. வடம் இழுப்பவர் கை மாற்றிப் பிடிப்பதைப் போல. சரடுகள் குட்டையாவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. 1954-இல் இதை இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. இரண்டிலும் ஒரு ஹக்ஸ்லி இருந்தார்; உறவினர் அல்லர்!

இதற்கு எரிபொருள் ஏ.டி.பி. என்னும் பொருள். பற்றிய பிடியை விடுவதற்கும் அது வேண்டும். அது தீர்ந்துபோவதால்தான் இறந்த உடல் விறைக்கிறது.

ஆகவே, கம்பைத் தாங்கிய தோள் அசையாமல் இருந்தாலும், உள்ளே பற்றுவதும் விடுவதும் ஓயவில்லை. வாளியை இறக்கி வைக்கும்வரை எரிபொருள் செலவாகிக்கொண்டே இருந்தது.