பரப்புமுன் விசாரியுங்கள்
(டிரஸ்டின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சில இந்தி நாளேடுகளும் அதைச் செய்தியாக்கின. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் நமது புதுவாயல் சுற்றுவட்டாரக் கம்பெனிகளிலும் வேலை செய்கிற வடமாநிலப் பிள்ளைகளின் தாய்மார்கள், ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்த்து எப்படித் துடித்திருப்பார்கள்!

விசாரித்தபோது என்ன தெரிந்தது? பல வீடியோக்கள் வேறு மாநிலங்களில் வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்கள். ஒன்று பாட்னாவிலேயே ஆட்களை நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் காவல்துறையே சொன்னது. ஹோலிக்கு ஊருக்குப் போன கூட்டத்தையும், பயந்து ஓடுகிறார்கள் என்று காட்டினார்கள்.

அன்று பொய்க்கு நடிக்க ஆள் தேவைப்பட்டது. இன்று அதுவும் வேண்டாம். 2024 பிப்ரவரி 24 அன்று, மறைந்த ஜெயலலிதா அவர்களின் குரலில் ஏஐ மூலம் தயாரித்த பேச்சை அவருடைய கட்சி வெளியிட்டது. அது ஏஐ என்று சொல்லிச் செய்தது. சொல்லாமல் ஒருவன் செய்தால்?

நல்ல செய்தியாளர்கள் வீடியோவின் ஒரு காட்சியைப் படமாக எடுத்து, முன்பே எங்காவது வந்ததா என்று கூகுள் லென்ஸில் தேடுகிறார்கள். கடைப் பலகை எந்த மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம் என்று பார்க்கிறார்கள். அந்த ஊர் காவல் நிலையத்தில் கேட்கிறார்கள். ஏஐ என்று சந்தேகம் வந்தால், 'டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட்' என்ற அமைப்பு 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப்பில் ஆடியோ, வீடியோக்களைப் பெற்று ஆய்வு செய்கிறது. தமிழிலும் அனுப்பலாம், பொதுமக்களும் அனுப்பலாம்.

இதில் நமக்கும் பொறுப்பு உண்டு. நம் ஊரைப் பற்றி ஒரு வீடியோ வந்து நிருபர் விசாரித்தால், யார் அனுப்பியது, எப்போது வந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். வெட்டாமல், எழுத்தோ பாட்டோ சேர்க்காமல், வந்தபடியே கொடுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் கண்டேன் என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை.

அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதபடி, வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம். அந்தக் கட்டளை வாட்ஸ்அப்புக்கும் சேர்த்துத்தான்.

வல்ல ரஹ்மான் நம் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.