விளக்கை எப்போது அணைப்பது?

ஆசிரிய நண்பர்களே, கடற்கரைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால் 'குப்பை போடாதே' என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அங்குள்ள விளக்குக் கம்பத்தையும் காட்டுங்கள். சென்னை பெசன்ட் நகரில் இரவில் நடக்க வரும் பெண்களுக்கு அந்த வெளிச்சம்தான் துணை. ஆனால், ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 45 நாட்கள் கழித்து, இரவில் மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமுள்ள திசையையே கடல் என்று நம்பும். சாலைப் பக்கம் ஊர்ந்துபோய் மடியும். விளக்கே வேண்டாம் என்று சொல்வது எளிது, எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டம் கலைந்தபின் அணைக்கலாம். சாலையோர விளக்குகளுக்குக் கடல் பக்கம் மறைப்பு வைக்கலாம். எத்தனை மணிக்கு அணைப்பது? வகுப்பில் விவாதிக்கட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை இருந்தால் முதலில் பேசவிடுங்கள். விடியுமுன் இருட்டில் படகு தள்ளுவது அவர்கள் வீட்டில்தான்.