மின்சாரச் செயின் ரம்பம்: கவனித்து அறுப்போம்



2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்ததை நாம் மறக்க முடியாது. அப்படி விழுந்த மரத்தைக் கோடாலியால் துண்டு போடுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். செயின் ரம்பம் அந்த வேலையைச் சில நிமிஷத்தில் முடித்துவிடும். அதிலும் கரண்டில் ஓடும் ரம்பத்தில் புகை இல்லை, சத்தமும் குறைவு. அதனால்தான் "சின்ன மெஷின்தானே" என்று அசட்டையாக இருந்துவிடுகிறோம். மரத்தை அறுக்கிற பல், கையையும் காலையும் அறுக்கும்.

முதலில் கரண்டைப் பார்ப்போம். 2000 வாட் ரம்பம் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். விளக்கு லைனில் உள்ள 6 ஆம்பியர் பிளக்கில் சொருகாதீர்கள். 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். நீட்டிப்பு ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராக, ஒட்டுப்போடாததாக இருக்கட்டும். பம்பு செட் ஸ்டார்ட்டரிலிருந்து ஒயர் இழுப்பது கூடவே கூடாது. அங்கே இரண்டு பேஸுக்கு நடுவில் 415 வோல்ட் இருக்கும். ரம்பமோ 230 வோல்ட்டுக்குச் செய்தது. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம். ஒயர் அறுபட்டு உடம்பில் கரண்ட் பாய்ந்தால், கண் இமைக்கும் நேரத்தில் அது லைனைத் துண்டித்துவிடும். ஒயர் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கமே கிடக்கட்டும். மழையிலும் ஈர மண்ணிலும் வேலை வேண்டாம். மரத்தின் மேல் மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, ரம்பத்தின் மூக்கு. பட்டை நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால், ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். சுதாரிக்க நேரமிருக்காது. ஆகவே நுனியால் அறுக்காதீர்கள். இரண்டு கையாலும், கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இருக்கும்படி பிடியுங்கள். ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். ஏணி மேலிருந்தோ, தோளுக்கு மேலே தூக்கியோ அறுக்கவே கூடாது.

விழுந்த மரம் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். உள்ளே வில்போல விசை இருக்கும். இரண்டு முனையும் மேட்டில் தாங்கி, நடு அந்தரத்தில் நின்றால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை தொங்கினால், முதலில் கீழே, பிறகு மேலே. மாற்றிச் செய்தால் ரம்பம் சிக்கிக்கொள்ளும், இல்லையேல் மரம் பிளந்து தெறிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தை அறுத்துவிட்டால் வேர்க்கட்டை சட்டென்று குழிக்குள் திரும்பி விழலாம். குழிப் பக்கம் பிள்ளைகளோ ஆடு மாடோ இருக்கக் கூடாது.

தென்னையின் வெளிப்பகுதி கடினம். அதில் ஒட்டிய மணல் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவுபோலக் கொட்டினால் அராவ வேண்டும். மழுங்கிய ரம்பத்தை அழுத்தும்போதுதான் கை தவறுகிறது. சங்கிலி எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அராவவோ, சங்கிலியை இறுக்கவோ, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை விட்ட பிறகும் சங்கிலி கொஞ்சம் ஓடும் என்பது நினைவிருக்கட்டும்.

வேட்டி, தோள் துண்டு, தொங்கும் முந்தானை எதுவும் ஆகாது. கால்சட்டை, பூட்ஸ், கண்ணாடி வேண்டும். கூலிக்கு அறுக்க வருகிறவரிடம் இவை இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். நம் தோப்பில் வேலை செய்கிறவரின் கைக்கு நாமும் பொறுப்பு. அந்தக் கையை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.