ஒத்த எண்ணும் திரிந்த உருவும்: அணுக்கருவின் வடிவம் பற்றி



அணுக்கருவை நாம் கரும்பலகையில் வட்டமாகவே வரைகிறோம். புரோட்டான்களும் நியூட்ரான்களும் செறிந்த சிறு கோளம் என்பதே மாணவர் மனத்தில் பதியும் முதற்படம். அப்படம் எதுவரை பொருந்தும் என்பதை, இவ்விரு துகள்களும் சம எண்ணிக்கையில் அமைந்த அணுக்கருக்களைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

ஹீலியம்-4இல் இரண்டும் இரண்டும், ஆக்சிஜன்-16இல் எட்டும் எட்டும், கால்சியம்-40இல் இருபதும் இருபதும் உள்ளன. கால்சியம்-40க்கு மேல் இத்தகைய நிலைத்த அணுக்கரு இல்லை. புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குவதால், கனத்த அணுக்கருக்கள் நிலைத்திருக்க நியூட்ரான்கள் மிகுதியாக வேண்டும். ஆகவே, அதற்கப்பாலுள்ள சமஎண் அணுக்கருக்களை ஆய்வுக்கூடத்தில் ஆக்கியே காண்கின்றனர். ஐம்பதும் ஐம்பதும் கொண்ட வெள்ளீயம்-100, 1994இல் ஜெர்மனியிலும் பிரான்சிலும் கண்டறியப்பட்டது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு வினாடியே.

துகள்கள் கருவினுள் கூடு கூடாக நிரம்புகின்றன. 2, 8, 20, 28, 50 என்னும் மாய எண்களில் கூடு நிறைவதால் கரு உருண்டை வடிவை நாடுகிறது. கூட்டமைப்பை விளக்கிய மரியா கோப்பெர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் 1963இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இனி, சிர்க்கோனியத்தின் இரு அணுக்கருக்களை ஒப்பிடுவோம். இரண்டிலும் புரோட்டான்கள் 40. சிர்க்கோனியம்-90இல் நியூட்ரான்கள் 50. அது நெல்லிக்கனி போல் உருண்டது. சிர்க்கோனியம்-80இல் நியூட்ரான்களும் 40. அதுவோ நாவற்கனி போல் நீண்டது. இதை எவ்வாறு அறிகிறோம்? நீண்ட கருவைச் சுழலச் செய்யச் சிறிதளவு ஆற்றல் போதும். முழுதும் உருண்ட கருவுக்கு அத்தகைய சுழற்சியே இல்லை. அதே கோண உந்தத்தைப் பெற அதன் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும். அதற்குச் சிர்க்கோனியம்-90இல் ஏறத்தாழ 2,186 கிலோ எலக்ட்ரான் வோல்ட் தேவை. சிர்க்கோனியம்-80இல் ஏறத்தாழ 290 போதும்.

காரணம் யாது? சமஎண் கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒரே வகைப் பாதைகளை நிரப்புகின்றன; ஒன்றன் போக்கை மற்றொன்று வலுப்படுத்துகிறது. ஐம்பதில் இரண்டும் சேர்ந்து உருண்டையை நாடுகின்றன. நாற்பதில் இரண்டும் சேர்ந்து நீட்சியை நாடுகின்றன. சமன்மை தானாக உருண்டையைத் தருவதில்லை. எந்த எண்ணில் சமன் என்பதே வடிவை முடிவு செய்கிறது. செலினியம்-68இன் கரு இவ்விரண்டினின்றும் வேறுபட்டுத் தட்டையாக அமைந்துள்ளது.

இவ்வடிவ மாற்றத்தைத் தமிழில் எவ்வாறு சொல்வது? ‘உருச்சிதைவு’ என்போமாயின் இடர் விளையும். கதிரியக்கத்தில் கரு வேறொன்றாக மாறுவதைச் ‘சிதைவு’ என்றே கற்பிக்கிறோம். நீண்ட கருவெல்லாம் அழியும் கரு என மாணவர் எண்ணிவிடுவர். இலையின் பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தை நோக்குங்கள். அதில் பெரும்பகுதியான மக்னீசியம்-24, பன்னிரண்டும் பன்னிரண்டும் கொண்டது; நீண்ட வடிவினது; எனினும் நிலைத்தது. அங்கே சிதைந்தது எதுவுமில்லை.

நம் இலக்கணம் இவ்வேறுபாட்டை முன்னரே வகுத்துள்ளது. நன்னூல் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்குகிறது. ‘மரவேர்’ என்பதில் மகரம் கெட்டது. ‘பொற்குடம்’ என்பதில் னகரம் றகரமாகத் திரிந்தது, எழுத்து இழக்கப்படவில்லை. அணுக்கருவிலும் துகள் எதுவும் குறையாமல் வடிவே மாறுகிறது. ஆதலின் ‘உருத்திரிபு’ என்பதே பொருந்தும் சொல் என்று கருதுகிறோம்.

ஆசிரியர்களே, கரும்பலகையில் வட்டத்தை வரையுங்கள்; அதனருகே ஒரு நீள்வட்டத்தையும் வரையுங்கள். மாணவர்களே, இரண்டுக்கும் காரணம் கேளுங்கள். சொல் செம்மையாக அமைந்தால் கருத்தும் செம்மையாகப் பதியும்.